நெடுந்தூரச் சுடுதலுக்கான பித்தளை ரவைக் கோதுகள்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தூரக் குறிச்சுடுதலில் ஒரு ரவை வெடித்ததும் சன்னம் பறந்துவிடும், மருந்து எரிந்து தீர்ந்துவிடும், மருந்தைப் பற்றவைக்கும் பிறைமர் தன் வேலையை முடித்துவிடும். சுடுபவரின் கைக்குத் திரும்பி வருவது பித்தளைக் கோது மட்டுமே. நன்றாகப் பராமரித்தால் அதே கோது, புதிதாகப் பிறைமரும் மருந்தும் சன்னமும் இட்டு, பத்துத் தடவைக்கு மேலும் பயன்படும் என்பதால், ஒவ்வொரு தடவையும் நாம் அதற்குச் செய்த நல்லதும் கெட்டதும் அதன் உலோகத்திலேயே சேர்ந்துகொண்டு போகின்றன. புதிதாக வருபவர்கள் றைபிளுக்கும் தொலைநோக்கிக்கும் பெருந்தொகையைச் செலவழித்துவிட்டு, கோதுகளைக் கலந்துகட்டி ஒரு பையில் போட்டு வைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. விலை உயர்ந்த கோது வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. உங்களிடம் உள்ள நூறு கோதுகளும் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும், அவை கடந்து வந்த பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வற்புறுத்தல்.

நான் கனடாவில் 14 ஆண்டுகள் இருந்தபோது இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, இப்போது திருகோணமலைக்குத் திரும்பி உப்புவெளியில் வசிக்கிறேன். மெல்பேர்னில் படிக்கும் என் மருமகன் அங்குள்ள ஒரு சுடுகளத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, வாரத்துக்கு இரண்டு தடவையாவது தொலைபேசியில் கேள்வி கேட்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு சென்று, அங்கே முறைப்படி உரிமம் பெற்று இதில் இறங்கும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

இலங்கையில் துப்பாக்கிகளும் ரவைகளும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. ஆகவே இங்கு வீட்டிலிருந்தபடி ரவை நிரப்பிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது வெற்றுக் கோது ஒன்றைக்கூட நினைவுப்பொருளாகப் பயணப்பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எங்கள் மாவட்டத்தின் காடுகளிலும் கரையோரங்களிலும் போர்க்காலத்துக் கோதுகளோ வெடிக்காத ரவைகளோ கண்ணில் பட்டால், கை வைக்காமல் பொலிசுக்கு அறிவியுங்கள். அப்படிக் கிடப்பவற்றில் எது வெற்று, எது உயிருள்ளது என்று பார்வையால் தீர்மானிக்க இயலாது.

கோது என்ன வேலை செய்கிறது

ரவைக் கோதுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உண்டு. தட்டையான பித்தளை வட்டத்தைக் கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தை அச்சுகளினூடாகப் பல தடவை இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி இளக்கி, இறுதியில் மேல்நுனியை ஒடுக்கி, சன்னம் அமரும் கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் உண்டாக்கி இதைச் செய்கிறார்கள். அடிப்பகுதி தடித்தும் கடினமாகவும், கழுத்து மெல்லியதாகவும் இளகியதாகவும் இருக்க வேண்டும். இந்த வேறுபாடு திட்டமிட்டே வைக்கப்பட்டது. பின்னால் சூடாக்குதலைப் பற்றிச் சொல்லும்போது இது மிகவும் முக்கியமாகும்.

.308 வின்செஸ்டர், 6.5 கிறீட்மோர் ஆகிய இரண்டு ரவைகளுக்கும் அமெரிக்கத் தர நிர்ணயத்தின்படி உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அந்த அழுத்தம் எழும் கணத்தில் கோது விரிந்து, குழலின் அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கி வராதபடி அடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் சிறிது சுருங்கிக்கொள்வதால்தான் அதை வெளியே எடுக்க முடிகிறது. விரிவதும் சுருங்குவதும், பிறகு நாம் அச்சில் இட்டு மீண்டும் அளவுக்கு ஒடுக்குவதும் சேர்ந்து பித்தளையைச் சிறிது சிறிதாக இறுகச் செய்கின்றன.

சன்னத்தைப் பிடித்திருப்பது கழுத்து. ஒரு கோதின் கழுத்து இறுக்கமாகவும் மற்றொன்றினது தளர்வாகவும் இருந்தால் சன்னம் புறப்படும் வேகம் மாறும். ஆயிரம் யார் தூரத்தில், அதாவது 914 மீற்றரில், 6.5 கிறீட்மோர் போன்ற ஒரு ரவையின் வேகம் வினாடிக்கு 3 மீற்றர் மாறினால், சன்னம் இறங்கும் இடம் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் மேலோ கீழோ போகும். நூறு யாரில் கண்ணுக்கே தெரியாத குறை அங்கே புள்ளிகளைப் பறித்துவிடும்.

வாங்கும்போது

ஒரே நிறுவனத்தின், ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த கோதுகளை நூறாக வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்லாந்தின் லப்புவா, சுவீடனின் நோர்மா, அமெரிக்காவின் பீற்றர்சன் ஆகியவை நெடுந்தூரம் சுடுபவர்கள் விரும்பி வாங்குபவை; ஹோர்னடி விலை குறைந்தது, தொடங்குபவருக்குப் போதுமானது. என்னைக் கேட்டால், பணம் இருக்குமானால் முதலிலேயே நல்லதை வாங்குங்கள் என்பேன். பத்துத் தடவைக்கு மேல் பயன்படும் ஒரு பொருளின் விலையைப் பத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

6.5 கிறீட்மோர் கோதுகள் பெரிய பிறைமருக்கும் சிறிய பிறைமருக்கும் என இரு வகையாகக் கிடைக்கின்றன. லப்புவாவின் கோது சிறிய பிறைமருக்கானது. பிறைமரின் தீ மருந்துக்குப் போகும் அதன் தீத்துளையும் வழக்கமான 2 மில்லிமீற்றருக்குப் பதிலாக 1.5 மில்லிமீற்றர்தான். உங்கள் கருவியில் உள்ள பிறைமர் தள்ளும் ஊசி அந்தத் துளைக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால் ஊசி வளையும் அல்லது கோது ஊசியோடு சிக்கிக்கொள்ளும்.

சுடுகளத்தில் பொறுக்கிய கோதுகளையும், மலிவாக விற்கப்படும் இராணுவக் கோதுகளையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். இராணுவக் கோதின் சுவர் பெரும்பாலும் தடித்ததாக இருப்பதால் உள்ளிடம் குறையும். அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். நான் தொடங்கிய காலத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'ஒரே தொகுதி' என்ற வாக்குறுதியோடு வாங்கிய பையில் மூன்று வெவ்வேறு அடி முத்திரைகள் இருந்ததை இரண்டு மாதம் கழித்தே கவனித்தேன். அந்த இரண்டு மாதமும் பிழை என் கையில் என்றே எண்ணி மூச்சையும் விசையையும் திருத்திக்கொண்டிருந்தேன். அதனால் பெட்டியைத் திறந்த அன்றே ஒவ்வொரு கோதின் அடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அளக்கப் பழகுதல்

நூறில் ஒரு மில்லிமீற்றர் காட்டும் கலிப்பர், கழுத்துச் சுவரின் தடிப்பை அளக்க உருண்டை முனை கொண்ட மைக்றோமீற்றர், தோளின் இடத்தை ஒப்பிடும் அளவி, நுண் தராசு ஆகிய நான்கும் வேண்டும். கருவியை வாங்குவது எளிது. ஒரே பொருளைப் பத்துத் தடவை அளந்து பத்துத் தடவையும் ஒரே எண்ணைப் பெறுவதற்குக் கை பழக வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குக் கோது தேவையே இல்லை. மருமகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, உட்துறைமுக வீதிப் பக்கம் படகு எஞ்சின்களுக்குப் புஷ் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்கு அவனை அழைத்துச் சென்று, பித்தளைக் குழாயின் வெட்டுத்துண்டுகள் ஐந்தை வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் சுவரையும் நான்கு பக்கமும் அளந்து எழுதச் சொன்னேன். முதல் நாள் அவன் எழுதிய எண்கள் ஒன்றோடொன்று 0.04 மில்லிமீற்றர் வேறுபட்டன. மைக்றோமீற்றரைப் போத்தல் மூடியைத் திருகி இறுக்குவதைப்போல் இறுக்கியதே காரணம். அதன் முனையில் இருக்கும் 'கிறிக்' என்று வழுக்கும் பிடியை மட்டும் சுற்றச் சொன்னதும் நான்கு நாளில் வேறுபாடு 0.01க்கு வந்துவிட்டது. கழுத்துச் சுவரில் நாம் தேடும் வேறுபாடே 0.025 மில்லிமீற்றர் என்னும்போது, கை 0.04 பிழைவிட்டால் அளந்தும் பயனில்லை.

வகைப்படுத்துதல்

பலரும் முதலில் தராசையே எடுக்கிறார்கள். எடை பார்த்துப் பிரிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதற்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. பித்தளை தண்ணீரைப் போல் ஏறத்தாழ எட்டரை மடங்கு அடர்த்தி உடையது. ஒரு கோது மற்றதைவிட ஒரு கிறேன் (0.065 கிராம்) எடை கூடியிருந்து, அந்தக் கூடுதல் முழுவதும் உட்சுவரிலேயே இருந்தாலும், உள்ளிடம் ஒரு கிறேன் தண்ணீரின் எட்டில் ஒரு பங்கு அளவே குறையும். அந்தக் கூடுதல் அடியின் பள்ளத்தில் இருந்தால் உள்ளிடம் மாறவே மாறாது. எனவே நூறையும் நிறுத்து, இரு முனையிலும் மிகவும் விலகி நிற்கும் ஐந்தாறை மட்டும் வேறாக்கி, குழலைச் சூடாக்கும் முதல் வேட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துச் சுவரின் தடிப்பு இதைவிட அதிகம் பேசும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் கழுத்து சன்னத்தை நடுவில் பிடிக்காது. ஒரே கழுத்தில் 0.025 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு காட்டுபவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். புதுக் கோதுகளின் வாய் பயணத்தில் நசுங்கியிருக்கக்கூடும். விரிக்கும் கம்பியை ஒருமுறை உள்ளே விட்டு வட்டமாக்கிய பின்பே அளக்க வேண்டும்.

சுட்ட பின் செய்யும் வேலைகள்

களத்திலிருந்து வந்ததும் கோதுகளைத் துடைத்து, ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டிப் பாருங்கள். கழுத்தில் வெடிப்பு உண்டாகும்போது அது முதலில் வாயோரத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். நகத்தால் தள்ளினால் முடி நகரும், வெடிப்பு நகராது. வெடித்ததை உடனே நீக்கிவிட வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரியது அடிப்பக்கத்தில் வருவது. ஒருநாள் மருமகன் படம் ஒன்றை அனுப்பி, "மாமா, அடியிலயிருந்து கொஞ்சம் மேல ஒரு வெளிச்சக் கோடு சுத்தவரத் தெரியுது. இது அச்சு உரசினதோ?" என்று கேட்டான். அது அச்சின் உரசலாகவும் இருக்கலாம். சுவர் உள்ளே மெலிந்து, கோது இரண்டாக அறுந்து போவதற்கு முந்திய அடையாளமாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விடயம் அன்று. காகிதம் செருகும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, அதன் நுனியைச் சிறிதாக மடக்கிக் கூராக்கி, கோதுக்குள் விட்டு உட்சுவரில் அழுத்தி மேலே இழுக்கச் சொன்னேன். நல்ல கோதில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கோதில் அந்தக் கோட்டுக்கு நேரே ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கும். "தடுக்குது மாமா, நல்லாத் தடுக்குது," என்றான். அவனிடமிருந்த அந்தத் தொகுதியில் ஒன்பது கோதுகள் அப்படி இருந்தன. அளவுக்கு ஒடுக்கும்போது தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளியிருக்கிறான்; ஒவ்வொரு தடவை சுடும்போதும் கோது முன்னோக்கி இழுபட்டு அந்த இடத்தில் மெலிந்திருக்கிறது.

ஆகவே அளவுக்கு ஒடுக்கும் வேலையைத் தொடங்குமுன், உங்கள் றைபிளில் இரண்டு மூன்று தடவை சுட்ட கோதுகள் ஐந்தின் தோள் எங்கே நிற்கிறது என்று ஒப்பிடும் அளவியால் பார்த்து எழுதுங்கள். அச்சைச் சிறிது சிறிதாகத் திருகி இறக்கி, தோள் அந்த அளவிலிருந்து 0.025 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை மட்டும் பின்செல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் தடையில்லாமல் மூடுவதற்கு அது போதும். 'அச்சைக் கீழ்த்தட்டில் முட்டும்வரை திருகு' என்று எழுதியிருக்கும் பொதுவான அறிவுரையை அளக்காமல் பின்பற்றுவதால்தான் பல கோதுகள் இளவயதிலேயே அழிகின்றன. ஒடுக்குமுன் எண்ணெய்ப் பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். கூடினால் தோளில் குழி விழும், குறைந்தால் கோது அச்சில் இறுகிக்கொள்ளும்.

ஒடுக்கும்போது பித்தளை கழுத்துப் பக்கம் நகர்வதால் கோது நீளும். 6.5 கிறீட்மோரின் உச்ச நீளம் 48.77 மில்லிமீற்றர், வெட்டித் திருத்தும் நீளம் 48.51; .308 வின்செஸ்டருக்கு முறையே 51.18, 50.93. உச்சத்தைத் தாண்டினால் கோதின் வாய் அறையின் முடிவில் நெரிபட்டுச் சன்னத்தை விடாமல் பிடிக்கும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வெட்டிய பின் வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் இலேசாக மழித்துவிடுங்கள். மருந்தின் அளவைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். அதை உற்பத்தியாளர் வெளியிடும் நூலிலிருந்து, களத்தில் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சி இளக்குதல்

அனீலிங் எனப்படும் இந்த வேலையே புதியவர்களை அதிகம் அச்சுறுத்துகிறது. எனக்கு இது விளங்கியது கனடாவில் அல்ல; சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்த நகைப் பத்தரின் பட்டறையில். அவர் கம்பியை அச்சின் துளைகளினூடாக இழுத்து மெல்லியதாக்குவார். மூன்று நான்கு இழுப்பில் கம்பி விறைத்துவிடும், மேலும் இழுத்தால் அறுந்துபோகும். உடனே முன்பலகையைச் சாத்தி இருட்டாக்கி, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் ஓடவிடுவார். இருட்டில்தான் நிறம் தெரியும் என்பார். மங்கிய சிவப்பு எட்டிப் பார்த்ததும் சுடர் விலகிவிடும். பிறகு அதே கம்பி நூலைப்போல் வளையும்.

கோதின் கழுத்துக்கும் நடப்பது அதுவே. பிறைமர் நீக்கிய வெறுங்கோதை மட்டும் எடுத்து, கழுத்தையும் தோளையும் சுடரில் சுழற்றிக்கொண்டு சில வினாடிகள் காட்டுகிறோம். 400 பாகை செல்சியசில் உருகும் வெப்பக் குறிப்பு மையைக் கழுத்தின் உள்ளே தடவி, எத்தனை வினாடியில் அது உருகுகிறது என்று பழைய கோதுகளில் பார்த்துக்கொண்டால், நல்ல கோதுகளுக்கு அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். இருட்டில் மிக மங்கலான சிவப்புத் தெரியத் தொடங்கும் இடமே எல்லை. செம்மஞ்சளாக ஒளிவிட்டால் கழுத்து அளவுக்கு மிஞ்சி இளகிவிட்டது, சன்னத்தைப் பிடிக்கும் வலு அதற்கு இராது. சூடாக்கிய பின் தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் பித்தளைக்கு ஒன்றே. உருக்கைப்போல் தண்ணீரில் இறுகும் உலோகம் இது அன்று.

அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. 62,000 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கடினமான அடிதான். தவறுதலாக முழுக் கோதும் காய்ந்துவிட்டால், பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருத்த வழியில்லை, நசுக்கி எறிந்துவிடுங்கள். அடுப்பில் தட்டோடு வைத்துச் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு தடவை சுட்டபின் ஒருமுறையோ மூன்று தடவைக்கு ஒருமுறையோ காய்ச்சலாம். எதுவானாலும் நூறு கோதுக்கும் ஒரே நாளில், ஒரே முறையில் செய்ய வேண்டும்.

கழுவுதலும் வைத்திருத்தலும்

எங்கள் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவார்கள். புளியில் அதிக நேரம் ஊறவிட்ட விளக்கு மஞ்சள் மாறிச் செந்நிறம் காட்டுவதை அம்மாமார் அறிவார்கள். அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை விட்டுவிடுவதே அதற்குக் காரணம். கோதுகளை எலுமிச்சை அமிலம் கலந்த வெந்நீரில் சில நிமிடம் அலசலாம், இரவு முழுவதும் போட்டு வைக்கக்கூடாது. எங்காவது இளஞ்சிவப்புத் திட்டு விழுந்த கோதைக் கழித்துவிடுங்கள். வெறும் கறுப்பு மங்கலால் கெடுதல் இல்லை. பளபளப்பு கண்ணுக்கு, குறிக்கு அன்று. பழைய பிறைமர்களின் தூளில் ஈயம் கலந்திருப்பதால், உலர்ந்த தூளைக் கிளப்பாமல், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, உண்பதற்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள்.

அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ்களைக் கோதின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை இலாயங்களில் வைத்திருந்த ரவைகளின் கோதுகள் காரணம் தெரியாமல் தாமாகவே விரிசல் விட்டன. பருவகால வெடிப்பு என்று அதற்குப் பெயரும் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது.

கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் எதுவும் உலர்ந்துவிடும், ஆனால் வாடை பிறந்து ஐப்பசி கார்த்திகை மழை தொடங்கினால் அலுமாரிக்குள்ளும் உப்பும் ஈரமும் புகும். மெல்பேர்னும் ரொறன்ரோவின் ஈரமான கோடையும் இதற்கு முழு விதிவிலக்கல்ல. கழுவிய கோதின் உட்புறமும் பிறைமர்க் குழியும் முற்றாக உலர்ந்தபின், இறப்பர் விளிம்புள்ள பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடி வையுங்கள். வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் விரலடையாளம் அப்படியே கறுத்து நிற்கும்.

குறிப்பேடும் கழித்தலும்

பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டி, தொகுதி இலக்கம், எத்தனை தடவை சுட்டது, எப்போது காய்ச்சியது, எப்போது வெட்டியது, எத்தனை கழிந்தது என்று எழுதுங்கள். ஐம்பதை மட்டும் களத்துக்குக் கொண்டுபோனால், அடுத்த முறை மற்ற ஐம்பதைக் கொண்டுபோங்கள். நூறும் ஒன்றாகவே வயதாக வேண்டும்.

பிறைமரைச் செருகும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், அந்தக் குழி விரிந்துவிட்டது, அக்கோதின் காலம் முடிந்துவிட்டது. ஒரு தொகுதியில் பத்துக்கு ஒன்று அப்படியானால் மீதியும் அதே வழியில் இருக்கிறது என்று கொண்டு, புதிய நூறுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். கழித்த ஒவ்வொரு கோதின் வாயையும் குறட்டால் நசுக்கி, தனி டப்பாவில் போடுங்கள். நசுக்காமல் மேசையில் வைத்த கோது பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும், அடுத்த வாரம் அது பெட்டிக்குள் திரும்பிவிடும். மருமகனின் ஒன்பது கோதுகளையும் தொலைபேசியில் நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக நசுக்கச் சொன்னேன்.